மின்னூலாக்கக் குழுவில் பேச்சு பெருகியது, வேலை குறைந்தது: கருவியை மாற்றுவதா, பழக்கத்தை மாற்றுவதா?

கேள்வி: நூலடுக்கு

வணக்கம். நாட்டுடைமையாக்கப்பட்ட பழைய தமிழ் நூல்களை மின்வருடி, எழுத்துணரியால் (OCR) உரையாக்கி, மெய்ப்புப் பார்த்து இணையத்தில் ஏற்றும் சிறிய தன்னார்வக் குழு ஒன்றில் பல ஆண்டுகளாகப் பணியாற்றி வருகிறேன். ஓய்வு பெற்ற தமிழாசிரியர்கள், கல்லூரி மாணவர்கள், வளைகுடா நாடுகளிலும் கனடாவிலும் வேலை பார்ப்பவர்கள், வீட்டு வேலைகளுக்கு நடுவே ஓரிரு பக்கங்களைத் திருத்தித் தரும் பெண்கள் என்று பலரும் இதில் இருக்கிறார்கள். பெரும்பாலோர் ஒருவரையொருவர் நேரில் பார்த்ததில்லை. இணையம் இல்லாத காலத்தில் இப்படி ஒரு குழு அமைந்திருக்கவே முடியாது.

தொடக்கத்தில் எங்களுக்கு மின்னஞ்சல் குழுமம் மட்டுமே இருந்தது. ஒரு நூலை எடுப்பதற்கு முன்பு எந்தப் பதிப்பைப் பின்பற்றுவது, யார் எந்தப் பக்கங்களைப் பார்ப்பது என்பதையெல்லாம் மடல்களில் எழுதித் தீர்மானிப்போம். ஒரு கேள்விக்குப் பதில் வர இரண்டு மூன்று நாள் ஆகும். ஆனால் வந்த பதில், நூலைப் புரட்டிப் பார்த்து யோசித்து எழுதியதாக இருக்கும். எல்லோர் கையிலும் திறன்பேசி வந்த பிறகு, புதியவர்கள் மின்னஞ்சலைத் திறந்து பார்ப்பதே இல்லை என்பதால், கைப்பேசியில் ஒரு குழுவைத் தொடங்கி முழுவதுமாக அதற்கே மாறினோம். உறுப்பினர்கள் பல மடங்கு கூடினார்கள். காலையிலிருந்து இரவு வரை செய்திகள் வந்துகொண்டே இருக்கின்றன. ஆனால் முடித்து வெளியிடும் நூல்கள் குறைந்துவிட்டன.

அண்மையில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். 1950களில் அச்சான கட்டுரைத் தொகுப்பு ஒன்றை எடுத்தோம். னை, லை, றா போன்ற எழுத்துகள் அதில் 1978ஆம் ஆண்டுச் சீர்திருத்தத்துக்கு முந்தைய வடிவில் இருந்தன. ஒருங்குறியில் (யூனிகோடில்) இரு வடிவங்களுக்கும் ஒரே குறியீடுதான் என்பதால் அதில் சிக்கல் எழவில்லை. மூலத்தில் சொற்களைச் சேர்த்து அச்சிட்டிருந்த முறையை அப்படியே வைப்பதா, இன்றைய வாசகருக்காகப் பிரித்துத் தருவதா, அச்சுப் பிழை என்று ஐயமின்றித் தெரிவதைத் திருத்துவதா, அடிக்குறிப்பில் சுட்டுவதா என்ற கேள்விகள்தான் எழுந்தன. ஒரு மாலை முழுவதும் விவாதித்து, மூலத்தில் கை வைப்பதில்லை என்று முடிவெடுத்தோம். அடுத்த வாரம் சேர்ந்த ஒருவர் அதே கேள்வியைக் கேட்டார். அந்த விவாதத்தின்போது இல்லாத மற்றோர் உறுப்பினர், நல்லெண்ணத்தோடுதான், "பிரித்தே தாருங்கள்" என்று பதில் சொல்லிவிட்டார். நூலின் முற்பாதி ஒரு முறையிலும் பிற்பாதி வேறொரு முறையிலும் முடிந்தது. ஒரே பக்கத்தை இருவர் தனித்தனியே திருத்தியதும் உண்டு. யாரோ முடித்துவிட்டார்கள் என்ற நம்பிக்கையில் எவரும் தொடாமலே கிடந்த பக்கங்களும் உண்டு. எழுத்துணரி ரகரத்தையும் துணைக்காலையும் மாற்றிப் போடுகிறது, கவனியுங்கள் என்ற எச்சரிக்கையை எத்தனை முறை எழுதினாலும், அடுத்த நாள் அது காலை வணக்கப் படங்களுக்குக் கீழே போய்விடுகிறது.

குழுவின் மூத்தவர்கள் பழையபடி மின்னஞ்சலுக்கே திரும்பலாம் என்கிறார்கள். அப்படித் திரும்பினால் இளையவர்களில் பாதிப் பேர் போய்விடுவார்கள் என்று நான் அஞ்சுகிறேன். கூட்டுப் பணியின் தன்மையையே தொடர்புக் கருவி மாற்றிவிடுகிறதா, அல்லது எந்தக் கருவியானாலும் எங்கள் பழக்கம்தான் காரணமா? பெரிய அளவில் நடக்கும் தன்னார்வத் திட்டங்கள் இதை எப்படிச் சமாளிக்கின்றன? அனுபவம் உள்ளவர்கள் விளக்கமாகச் சொன்னால் உதவியாக இருக்கும்.

பதில் 1: மெய்ப்பாளன்

ஐயா, உங்கள் கேள்வியின் இரண்டாம் பகுதியிலிருந்து தொடங்குகிறேன். ஏனென்றால் தமிழில் இதற்கு நல்ல முன்னோடிகள் இருக்கிறார்கள், அவர்களை நாம் போதிய அளவு நினைப்பதில்லை.

தமிழ் இலக்கியங்களை மின்வடிவில் இணையத்தில் வைக்கும் மதுரைத் திட்டம் 1998ஆம் ஆண்டு பொங்கலன்று தொடங்கியது. சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் இருந்த முனைவர் கல்யாணசுந்தரம் அதை ஒருங்கிணைத்தார். அமெரிக்காவில் இருந்த முனைவர் குமார் மல்லிகார்ச்சுனன் அவருக்குத் துணையாக நின்றார். இந்தியாவில் பொதுமக்களுக்கு இணைய இணைப்பு கிடைக்கத் தொடங்கியதே 1995ஆம் ஆண்டு ஆகஸ்டில்தான் என்பதையும், தொலைபேசிக் கம்பி வழியே இழுத்து இழுத்து வந்த அந்த இணைப்பின் வேகத்தையும் எண்ணிப் பார்த்தால், பல நாடுகளில் இருந்தவர்கள் இலக்கியங்களை முழுமையாகத் தட்டச்சு செய்து பொதுவில் வைத்தது எவ்வளவு பெரிய செயல் என்பது விளங்கும். அவர்கள் வேலையைப் பகிர்ந்த முறை எளிமையானது. ஒருவர் தட்டச்சு செய்வார், வேறொருவர் மெய்ப்புப் பார்ப்பார். கோப்பின் முகப்பில் இன்னார் உள்ளிட்டார், இன்னார் பிழை திருத்தினார் என்று பெயரோடு குறிப்பு இருக்கும். நன்றி சொல்வது மட்டும் அந்தக் குறிப்பின் பயன் அன்று. பத்து ஆண்டு கழித்து ஓர் ஐயம் எழுந்தால் யாரைக் கேட்பது என்பதும் அதிலேயே இருந்தது.

அதே காலத்தில் தமிழ் எழுத்துகளுக்கு ஒரு பொதுக் குறியாக்கம், அதாவது கணினியில் ஒவ்வோர் எழுத்துக்கும் எந்த எண் என்ற பொது ஏற்பாடு, வேண்டும் என்று நடந்த விவாதத்தையும் இங்கே சொல்ல வேண்டும். ஒவ்வொரு எழுத்துருவும் ஒவ்வொரு குறியாக்கத்தில் இருந்ததால், ஒருவர் அனுப்பிய மடலை மற்றொருவரின் கணினியில் படிக்க முடியாத நிலை இருந்தது. சிங்கப்பூர், மலேசியா, இந்தியா, இலங்கை, ஐரோப்பா, வட அமெரிக்கா என்று சிதறியிருந்தவர்கள் மின்னஞ்சல் வழியே எழுத்துக்கு எழுத்து வாதாடித் திஸ்கி என்ற குறியாக்கத்தை உருவாக்கினார்கள். 1997இல் சிங்கப்பூரிலும் 1999இல் சென்னையிலும் தமிழிணைய மாநாடுகள் கூடின. தமிழ்99 விசைப்பலகை சென்னை மாநாட்டை ஒட்டித்தான் பிறந்தது. நேரில் கூடிய நாட்கள் சிலவே. இடைப்பட்ட காலம் முழுவதும் வேலையை நகர்த்தியது மின்னஞ்சல்தான். அந்த விவாதங்களில் கோபமும் பிணக்கும் இருந்தன. ஆனால் ஒருவர் ஒரு கருத்தை மறுக்க வேண்டுமானால் முந்தைய மடலை மேற்கோள் காட்டித்தான் மறுக்க வேண்டியிருந்தது. எனவே எந்த வாதம் எங்கே தொடங்கி எப்படி முடிந்தது என்ற தொடர்ச்சி தானாகவே அமைந்தது.

அடுத்தது விக்கிமூலம், விக்கிப்பீடியாவோடு சேர்ந்த, தன்னார்வலர்கள் நடத்தும் இணைய நூலகம். உங்கள் குழு செய்வதற்கு மிக நெருக்கமான பணி இதுதான் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன். அங்கே ஒரு நூலின் ஒவ்வொரு பக்கத்துக்கும் தனிப் பக்கம் உண்டு. ஒரு புறம் அச்சுப் பக்கத்தின் படம், மறுபுறம் திருத்த வேண்டிய உரை. மெய்ப்புப் பார்க்காத பக்கம் சிவப்பாக இருக்கும். ஒருவர் பார்த்து முடித்தால் மஞ்சளாகும். இரண்டாமவர் சரிபார்த்தால் பச்சையாகும். மஞ்சளாக்கியவரே பச்சையாகவும் ஆக்க மென்பொருள் இடம் தராது. நூலின் அட்டவணையைத் திறந்தால், எந்தப் பக்கம் எந்த நிலையில் இருக்கிறது என்பது எவரையும் கேட்காமலே ஒரே பார்வையில் தெரியும். ஏதேனும் சிக்கல் இருக்கும் பக்கத்துக்குத் தனி நிறமே இருக்கிறது. "நான் 40 முதல் 60 வரை எடுத்துக்கொள்கிறேன்", "41ஐ நான் முடித்துவிட்டேனே" என்ற வகைச் செய்திகளுக்கு அங்கே தேவையே எழுவதில்லை.

தமிழ் விக்கிப்பீடியா 2003இல் தொடங்கி 2017இல் ஓர் இலட்சம் கட்டுரைகளைத் தாண்டியது. அங்கும் இதே ஏற்பாடுதான். ஒவ்வொரு கட்டுரையோடும் ஓர் உரையாடல் பக்கம் ஒட்டியிருக்கிறது. வரலாறு என்ற இணைப்பைச் சொடுக்கினால் யார், எப்போது, எதை மாற்றினார், ஏன் மாற்றினார் என்ற சுருக்கக் குறிப்போடு முதல் நாளிலிருந்து எல்லாம் கிடைக்கும். பொதுவான கொள்கைகளைப் பேச ஆலமரத்தடி என்ற பக்கம் இருக்கிறது. அதில் பேசி முடித்தவையும் காப்பகத்தில் இருக்கின்றன. ஒரு கலைச்சொல்லைப் பற்றி நான்கு ஆண்டுகளுக்கு முன் நடந்த வாதத்தை இன்று சேர்ந்த மாணவர் படித்துவிட்டு, அதில் எவரும் சொல்லாத புதிய ஆதாரத்தோடு வர முடிகிறது. அதைப் பலமுறை பார்த்திருக்கிறேன், ஒவ்வொரு முறையும் மனம் நிறைந்திருக்கிறது.

ஆகவே உங்கள் முதல் கேள்விக்கு என் பதில், ஆம், கருவி கூட்டுப் பணியின் தன்மையை மாற்றுகிறது என்பதுதான். செய்கிற வேலையோடு பேச்சு ஒட்டியிருக்கிறதா, அல்லது வேலை ஓரிடத்திலும் பேச்சு வேறிடத்திலும் கிடக்கிறதா என்பதே நான் பார்க்கும் வேறுபாடு. உங்கள் மின்னஞ்சல் குழுமத்திலும் பேச்சு வேறிடத்தில்தான் இருந்தது; எனினும் தலைப்பு வாரியாகத் தேடி எடுக்க முடிந்ததால் அது வெளியே தெரியவில்லை. கைப்பேசிக் குழுவில் எல்லா நூல்களின் பேச்சும் ஒரே ஓடையில் வருகிறது. புதிதாகச் சேர்பவருக்குப் பழையவை பெரும்பாலும் கண்ணில் படுவதே இல்லை.

இன்னொன்றையும் கவனியுங்கள். வாட்ஸ்அப்பில் ஒரு குழுவில் 2016இல் 256 பேர்வரை இருக்கலாம் என்றார்கள். 2022இல் அது 1024 ஆயிற்று. இருபது பேர் இருக்கும் குழுவில் ஒருவர் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டிய கடமை எல்லோருக்கும் இருப்பதாகத் தோன்றும். நூற்றுக்கணக்கானோர் இருக்கும் இடத்தில் யாரோ ஒருவர் சொல்வார் என்று எல்லோரும் இருந்துவிடுவார்கள், அல்லது முழு விவரம் தெரியாத ஒருவர் முந்திக்கொள்வார். உங்கள் கட்டுரைத் தொகுப்புக்கு நேர்ந்தது இதில் இரண்டாவது.

பதில் 2: அடையாற்றங்கரை

மெய்ப்பாளன் அவர்கள் சொன்னதில் பெரும்பகுதியை ஏற்கிறேன். ஆனாலும் மெதுவான கருவியே நல்ல கருவி என்ற முடிவுக்கு யாரும் வந்துவிடக் கூடாது என்பதற்காக இதை எழுதுகிறேன்.

2015ஆம் ஆண்டு டிசம்பர் முதல் வாரத்தில் சென்னையில் இருந்தவர்களுக்கு இது தெரியும். செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து திறந்துவிடப்பட்ட நீரும் கொட்டிய மழையும் சேர்ந்து அடையாறு கரை கடந்தபோது, முடிச்சூரிலும் கோட்டூர்புரத்திலும் ஜாபர்கான்பேட்டையிலும் மொட்டை மாடிகளில் நின்றவர்களுக்கு அரசு அலுவலகத்தின் தொலைபேசி கிடைக்கவில்லை. முன்பின் அறியாத இளைஞர்கள் ட்விட்டரிலும் வாட்ஸ்அப்பிலும் வந்த உதவிக் குரல்களைத் திரட்டி, எல்லோரும் ஒரே நேரத்தில் எழுதக்கூடிய இணைய விரிதாளில் ஏற்றினார்கள். படகு எங்கே இருக்கிறது, உணவுப் பொட்டலம் எங்கே தயாராகிறது, தங்க இடம் தருபவர் யார் என்று அடுத்தடுத்த பத்திகளில் நிரப்பினார்கள். தன்னார்வலர்கள் உருவாக்கும் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்ற திறந்த வரைபடத்தின்மேல் நீர் சூழ்ந்த தெருக்களைப் பொதுமக்களே சொடுக்கிக் குறித்த வரைபடம் ஒன்றும் அந்த நாட்களில் உருவானது. மடல் எழுதி இரண்டு நாள் காத்திருக்கும் முறையில் இதில் எதுவும் நடந்திருக்காது.

எனினும் உங்கள் குழுவின் நோய் அங்கும் தலைகாட்டியது. மீட்கப்பட்டு உறவினர் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிட்ட குடும்பத்துக்காகப் படகு கேட்கும் செய்தி, அடுத்த நாளும் அதற்கடுத்த நாளும் கைமாறி வந்துகொண்டே இருந்தது. அனுப்பியவர் எவரும் தீய எண்ணத்தோடு அனுப்பவில்லை. நான் உதவிய குழுவில் இதற்கு ஒரு வழி கண்டோம். விரிதாளில் ஏற்றும் ஒவ்வொரு வரியிலும் யார் நேரடியாகத் தொலைபேசியில் பேசி உறுதி செய்தார், எத்தனை மணிக்குச் செய்தார் என்று எழுத வேண்டும்; அந்த இரண்டு கட்டங்களும் காலியாக இருக்கும் வரியை மேலே அனுப்பக் கூடாது. தொலைபேசியில் பேசிக்கொண்டே இருப்பவர்கள் தனி, அதைத் தாளில் பதிபவர்கள் தனி என்று பிரித்த பிறகே வேலை சீரடைந்தது. அரட்டைச் செய்தியில் வந்த தகவல், தாளில் ஏறும் வரை தகவலாகவே கொள்ளப்படவில்லை.

இந்த வேகத்தின் மறுபக்கம் எவ்வளவு கொடியது என்பதையும் நாம் பார்த்துவிட்டோம். 2018இல் குழந்தை கடத்துபவர்கள் நடமாடுகிறார்கள் என்ற பொய்ச் செய்திகள் கைப்பேசிக் குழுக்களில் பரவி, இந்தியாவின் பல மாநிலங்களில், தமிழ்நாட்டிலும்கூட, ஒரு குற்றமும் அறியாதவர்கள் அடித்துக் கொல்லப்பட்டார்கள். அதன் பிறகு அந்த ஆண்டே வாட்ஸ்அப் நிறுவனம் இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து உரையாடல்களுக்கு மேல் அனுப்ப முடியாதபடி செய்தது. 2019இல் அதை உலகம் முழுவதற்கும் விரித்தது. வெள்ளத்தில் உயிர் காத்ததும் இதே சொடுக்குதான், வீதியில் உயிர் பறித்ததும் இதே சொடுக்குதான். இடையில் நின்று ஒருவர் விசாரித்தாரா இல்லையா என்பதில்தான் அத்தனையும் இருக்கிறது. எனவே கைப்பேசிக் குழுவைக் கலைத்துவிடாதீர்கள். அங்கு வருவதை விசாரித்துப் பதியும் ஆட்களை அமர்த்துங்கள்.

பதில் 3: வடமராட்சியான்

இலங்கையிலிருந்து எழுதுகிறேன். இங்கே எண்ணிம நூலகப் பணி வேறொரு நிலைமையில் வளர்ந்தது. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் அழிந்தன. அந்த இழப்பை அறிந்து வளர்ந்தவர்களுக்கு, ஒரு நூலின் படி ஒரே இடத்தில் இருப்பது ஆபத்து என்பதை யாரும் விளக்கத் தேவையில்லை. இலங்கைத் தமிழ் நூல்களை எண்ணிம வடிவில் சேமிக்கும் நூலகம் திட்டம் 2005இல் தொடங்கியபோது நாட்டில் இருந்தவர்களும் புலம்பெயர்ந்தவர்களும் சேர்ந்து வேலை செய்தார்கள். இணைப்பு சீராக இல்லாத ஊரில் ஒருவர் நூலை வருட, வேறொரு நாட்டில் விடியும் நேரத்தில் மற்றொருவர் அதன் விபரங்களைப் பதிந்தார். இவர்களுக்கு ஒரே நேரத்தில் இணையத்தில் இருக்க வேண்டிய தேவை இருக்கவில்லை.

அங்கே உள்ள ஓர் ஏற்பாடு உங்களுக்குப் பயன்படலாம். ஒவ்வோர் ஆவணத்துக்கும் நூலக எண் என்று ஓர் எண் தரப்படுகிறது. ஒரே தலைப்பில் இரண்டு மலர்கள் வந்திருக்கலாம், ஒரு சஞ்சிகையின் பெயர் இடையில் மாறியிருக்கலாம். எண்ணைச் சொன்னால் குழப்பம் இராது. கைப்பேசிக் குழுவில் ஒருவர் ஐயம் கேட்கும்போது நூலின் எண்ணையும் பக்க எண்ணையும் முதலில் எழுத வேண்டும் என்று ஒரு விதியை வைத்தாலே, பிற்பாடு தேடி எடுப்பது எளிதாகிவிடும்.

நான் முக்கியமாகச் சொல்ல விரும்புவது வேறு. மூத்தவர்கள் மின்னஞ்சலுக்குத் திரும்ப விரும்புகிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். எங்கள் அனுபவம் சற்று மாறானது. ஊரில் எழுபது, எண்பது வயதைக் கடந்த பலர் ஒரு மடலைத் தட்டச்சு செய்யவே மாட்டார்கள். பேத்தியின் கைப்பேசியில் குரல் பதிவு அனுப்புவார்கள். நின்றுபோன ஒரு சிற்றிதழின் ஆசிரியர் யார், அது எந்த அச்சகத்தில் அச்சானது, மூன்றாவது இதழுக்குப் பிறகு ஏன் நின்றது என்பதெல்லாம் அந்தக் குரல்களில்தான் இருக்கிறது. ஓர் அம்மா தன் தகப்பனார் புனைபெயரில் எழுதியவற்றைச் சமையலறையில் இருந்தபடியே ஒவ்வொன்றாகச் சொல்லி அனுப்பினார். பின்னணியில் தேங்காய் துருவும் சத்தம் கேட்கும். எந்த நூற்பட்டியலிலும் அந்தப் புனைபெயருக்கு உரியவர் யார் என்பது இல்லை. மின்னஞ்சல் குழுமம் மட்டும் இருந்திருந்தால் அவரிடம் எவரும் கேட்டிருக்கவும் மாட்டார்கள், அவர் சொல்லியிருக்கவும் மாட்டார்.

ஆகையால் ஒரு கருவியைத் தெரிவு செய்யும்போது, யாருக்கு அது வசதி என்பதோடு, யாரை அது வெளியே நிறுத்துகிறது என்பதையும் பாருங்கள். விக்கி முறையின் ஒழுங்கை நான் மதிக்கிறேன். ஆனால் அதன் தொகுப்புப் பெட்டியைக் கண்டதும் விலகிப் போன அறிவாளிகளை எனக்குத் தெரியும். குரல் பதிவுகளைக் கேட்டு எழுத்தில் இறக்குவதற்கு எங்களிடம் இரண்டு மாணவர்கள் இருக்கிறார்கள். அந்த வேலையை அவர்கள் செய்யாவிட்டால், அந்த அம்மா சொன்னவையும் கைப்பேசி மாற்றும் நாளோடு போய்விடும்.

நூலடுக்கு (கேள்வி கேட்டவர்)

மூவருக்கும் மிக்க நன்றி. விக்கிமூலத்தின் நிற முறையை எங்கள் குழுவில் சிலர் அறிவார்கள். ஆனால் அதன் காரணமாகவே அங்கே பேச்சு குறைவாகத் தேவைப்படுகிறது என்ற கோணத்தில் நாங்கள் பார்த்ததில்லை. வடமராட்சியான் அவர்கள் குரல் பதிவுகளைப் பற்றி எழுதியதைக் குழுவில் அப்படியே பகிர்ந்திருக்கிறேன்.

ஒரு கவலை மட்டும் மிஞ்சியிருக்கிறது. நீங்கள் மூவரும் வெவ்வேறு வழிகளில் ஒன்றையே சொல்கிறீர்கள். அரட்டையில் வருவதை யாரோ ஒருவர் பதிவாக மாற்ற வேண்டும். அந்த யாரோ ஒருவர் யார் என்பதுதான் எங்களிடம் சிக்கல். இதற்கு முன் ஒருமுறை விரிதாள் ஒன்றைத் தொடங்கினோம். அதை நிரப்பும் வேலை மெல்ல மெல்ல ஒரே பெண்ணின் தலையில் விழுந்தது. அவர் வேலைக்குப் போய்க்கொண்டே இதையும் செய்தார். அவருக்குக் குழந்தை பிறந்ததும் விரிதாள் நின்றது. அவர் இல்லாமல் அது நின்றபோதுதான் அவர் எவ்வளவு செய்திருந்தார் என்பதே பலருக்குத் தெரிந்தது. விவாதத்தில் கலந்துகொள்ள எல்லோரும் வருகிறார்கள், அதை எழுதி வைக்க எவரும் வருவதில்லை. இதை எப்படிப் பகிர்வது?

பதில் 4: நிரலோடை

மென்பொருள் துறையில் இருப்பதால் அங்கிருந்தே ஓர் எடுத்துக்காட்டுத் தருகிறேன். லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கருநிரல் 1991இல் லினஸ் டோர்வால்ட்ஸ் ஒரு செய்திக் குழுவில் இட்ட சிறிய அறிவிப்போடு வெளியே தெரிய வந்தது. இன்று பல்லாயிரம் பேர் பங்களிக்கும் அந்தத் திட்டத்தின் பெரும்பகுதி இப்போதும் மின்னஞ்சலில்தான் நடக்கிறது. இருந்தாலும் மின்னஞ்சலால்தான் அது ஓடுகிறது என்று நான் நினைக்கவில்லை. அங்கே எழுதி வைப்பது தனி வேலை அன்று என்பதே காரணம். ஒருவர் நிரலில் ஒரு வரியை மாற்றி அனுப்பினாலும், ஏன் மாற்றினேன் என்ற விளக்கத்தை அதனோடு சேர்த்தே அனுப்ப வேண்டும். விளக்கம் இல்லாவிட்டால் மாற்றம் ஏற்கப்படாது. 2004 முதல் ஒவ்வொரு மாற்றத்தின் கீழும் அனுப்பியவர் தம் பெயரிட்டுப் பொறுப்பேற்க வேண்டும் என்ற விதியும் வந்தது. 2005இல் டோர்வால்ட்ஸ் உருவாக்கிய கிட் என்ற மென்பொருள் இந்த விளக்கங்களையும் பெயர்களையும் நிரலின் வரலாறாகவே சேமிக்கிறது. எந்தப் பகுதிக்கு யார் பொறுப்பு என்பதற்கு நிரலோடு சேர்ந்தே ஒரு பட்டியல் கோப்பு இருக்கிறது.

உங்கள் குழுவில் அந்தச் சகோதரிக்கு நடந்தது, நிறுவனங்களில் கூட்டக் குறிப்பு எழுதும் வேலை எப்போதும் ஒரு பெண்ணிடமே போய்ச் சேர்வதைப் போன்றதுதான், அதைத் தற்செயல் என்று விட்டுவிடக் கூடாது. பதிவாளர் என்று ஒருவரை அமர்த்துவதைவிட, கேள்வி கேட்பவரே பதிய வேண்டும் என்று வைத்துவிடுங்கள். யார் ஐயத்தை எழுப்பினாரோ அவர், பேச்சு முடிந்ததும் முடிவையும் அதற்கான காரணத்தையும் இரண்டு மூன்று வரிகளில், விக்கியில் உள்ளதைப் போல அந்த நூலுக்கென்று வைக்கும் உரையாடல் பக்கத்தில் எழுதி, அந்த இணைப்பைக் கைப்பேசிக் குழுவில் இட வேண்டும். இணைப்பு வரும் வரை அந்தக் கேள்வி தீர்ந்ததாகக் கொள்ளக் கூடாது. பதில் தெரிந்தவர்களுக்குப் பதில் சொல்லும் உழைப்பு, கேட்டவருக்கு எழுதி வைக்கும் உழைப்பு என்று சுமை இயல்பாகவே பிரிந்துவிடும். புதியவர் எழுதும் குறிப்பில் பிழை இருந்தால் மூத்தவர் திருத்துவார். அது அவருக்குப் பயிற்சியாகவும் அமையும்.

காரணத்தை எழுதுவதை மட்டும் விட்டுவிடாதீர்கள். "மூலத்தில் உள்ள சொற்சேர்க்கையை மாற்றக் கூடாது" என்று மட்டும் எழுதினால் அடுத்த ஆண்டு வருபவருக்கு அது வெறும் கட்டளை. "1950களின் அச்சு வழக்கை ஆராய்பவர்களுக்கு இந்தச் சேர்க்கை தேவைப்படும், வாசகருக்கான பிரிப்பைத் தனிப் பதிப்பாகத் தரலாம்" என்று எழுதினால், அவரே அடுத்த நூலுக்கு எது பொருந்தும் என்று முடிவெடுத்துக்கொள்வார்.

பதில் 5: மெய்ப்பாளன்

நிரலோடை சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். குறிப்பு எழுதியவர் பெயரையும் நூலின் முகப்பில் போடுங்கள். மதுரைத் திட்டத்தில் உள்ளிட்டவரும் பிழை திருத்தியவரும் பெயர் பெற்றதைப் போல, முடிவுகளைப் பதிந்தவரும் பெயர் பெற வேண்டும். உங்கள் விரிதாளை இவ்வளவு காலம் சுமந்த அந்த அம்மையார் கைவைத்த நூல்களிலிருந்தே இதைத் தொடங்கலாம்.

நூலடுக்கு

இந்த வாரம் குழுவில் பேசினோம். கைப்பேசிக் குழு தொடரும். நூல் எண்ணும் பக்க எண்ணும் இல்லாத கேள்விக்குப் பதில் சொல்வதில்லை என்றும், கேட்டவரே முடிவைப் பதிவது என்றும் ஒத்துக்கொண்டிருக்கிறார்கள். வாழ்த்துப் படங்களுக்குத் தனிக் குழு ஒன்றை மாணவர்களே தொடங்கிவிட்டார்கள். பாதி பாதியாக நிற்கும் கட்டுரைத் தொகுப்பின் பிற்பாதியை மூலத்தோடு ஒப்பிட்டு மீண்டும் பார்க்க நான்கு பேர் முன்வந்திருக்கிறார்கள். "பிரித்தே தாருங்கள்" என்று பதில் சொன்னவர் அவர்களில் ஒருவர். ரகரத்துக்கும் துணைக்காலுக்கும் உள்ள குழப்பத்தைப் பற்றிய எச்சரிக்கையை அந்த நூலின் உரையாடல் பக்கத்தில் முதல் குறிப்பாக எழுதியிருக்கிறோம். விரிதாளைப் பராமரித்த சகோதரியிடம் தொலைபேசியில் பேசினேன். வெளிவந்த நூல்களில் தம் பெயரைச் சேர்க்க அவர் சம்மதித்திருக்கிறார்.